இரண்டாவது சேதி

தங்கதுரைக்கு ரத்தம் ஆகாது. வீட்டில் கோழி அறுத்தால்கூட எழுந்து தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதி அனுப்பிய செய்திகளை அடுக்கி வைத்துப் படித்தால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு ஆள் மிச்சம் இருந்திருக்கக் கூடாது. அத்தனை பேரை வெட்டிச் சாய்த்திருந்தார், அத்தனை பேருக்குக் குழி தோண்டியிருந்தார். எல்லாம் பேப்பரில்தான்.

அவர் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். எந்த நாளிதழ் என்று கேட்காதீர்கள், எதுவானால் என்ன, எல்லாவற்றிலும் இதே சமாச்சாரம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மலையடிவாரத்தில் இருந்த ஒரு ஒன்றியத்தின் கூட்டம் நடந்தால் கிளம்பிப் போவார். ஒன்றியத்தின் பேரும் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். குமாஸ்தா ஒருவர் முப்பத்தெட்டுத் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்து முடிப்பார். யாராவது எழுந்து, எங்கள் வார்டுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பார். தலைவர், பார்க்கலாம் என்பார். மிக்சரும் பஜ்ஜியும் வரும், டீ வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விவாதம். ஆரம்பத்தில் தங்கதுரையும் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பிய மனிதர்தான். சேலத்தில் செய்தி வாங்குகிற மேசையில் இருந்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். தண்ணீர் கேட்டார், பார்க்கலாம் என்றார், இதை எவன் காசு கொடுத்துப் படிப்பான், மோதல் எங்கே என்று போனில் கிழித்தார்கள்.

அன்றிலிருந்து தண்ணீர் கேட்டவர் கேள்விக்கணை தொடுக்க ஆரம்பித்தார். பார்க்கலாம் என்ற தலைவர் பதிலடி கொடுத்தார். கூட்டத்தில் அனல் பறந்தது, சொற்போர் மூண்டது, எதிர்த்தரப்பு மண்ணைக் கவ்வியது. தீர்மானம் முப்பத்தெட்டும் தூங்கி வழிய நிறைவேறிய நாளில்தான் 'மன்றமே போர்க்களமானது' என்று மூன்று காலத் தலைப்பு, அதாவது பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு, வந்தது. தங்கதுரைக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது: சண்டை என்றால் ஒரு காலம், போர் என்றால் இரண்டு காலம், சாவு என்றால் மூன்று காலம். பஸ்ஸில் போகும்போதே பாதிச் செய்தியை எழுதி முடித்துவிடுவார், போய்ப் பேரை மட்டும் நிரப்புவார். கவுன்சிலர்களுக்கும் அதில் ரொம்பச் சந்தோஷம். கூட்டம் முழுக்க வாயைப் பிளந்து தூங்கியவர், மறுநாள் சிங்கமெனச் சீறியதாகப் படித்துவிட்டுப் பத்துப் பேப்பர் வாங்கிக்கொண்டு போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, சென்ற ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் நடந்தது. மலைமேல் வார்டிலிருந்து பூமாலை என்று ஒரு பெண் கவுன்சிலர் வருவாள். முப்பத்து நான்கு வயது, முதல் முறை ஜெயித்தவள், நெல்லிக்குட்டை என்கிற நாற்பது வீட்டு ஊர். அன்றைக்கு எழுந்து நின்று ஆறேழு நிமிடம் பேசினாள். அந்த மன்றத்தில் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கதுரைக்குச் சேலத்திலிருந்து போன். பக்கம் முடிக்கிற சந்தோஷ் என்கிற பையன், மூன்று காலம் காலியாக இருக்கிறது, சீக்கிரம் ஏதாவது கொடுங்கள் என்று உயிரை எடுத்தான். தங்கதுரை வாயைப் பொத்திக்கொண்டு அவனிடம் பேசிக்கொண்டிருந்ததில், பூமாலை பேசிய அத்தனையிலும் ஒரே ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்தது. பாடை.

நல்ல சொல். நோட்டில் குறித்துக்கொண்டார். போனை வைத்தபோது அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். தலைவர் பார்க்கலாம் என்றார், எல்லோரும் டீக்கு எழுந்துவிட்டார்கள். மறுநாள் அவள் படத்தோடு செய்தி வந்தது: 'கேள்வி கேட்ட பெண் கவுன்சிலர்: அரசியல் வாழ்வுக்குப் பாடை கட்டியது மன்றம்.'

நான்காம் நாள் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். கையில் ஒரு தூக்குவாளி, மடியில் ஒரு மூட்டை. பூமாலையின் தாய் ஆயம்மாள் என்று சொன்னார். பெற்ற மகளுக்குப் பாடை கட்டிய மனிதனைச் செருப்பால் அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் தங்கதுரை மேசைக்குப் பின்னால் ஒடுங்கினார். அந்த அம்மாளோ கைகூப்பினார். தூக்குவாளியில் மலைத்தேன், மூட்டையில் சாமை அரிசி. எதற்கு என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது.

போன மாதம் பூமாலையின் தலையில் காக்காய் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அப்படித் தட்டினால் உயிருக்கு ஆகாது. அதற்கு ஒரு வழி உண்டு. தட்டப்பட்டவர் செத்துப்போய்விட்டதாக வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு ஒரு பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அழுகை விழுந்ததும் வந்த கேடு கழிந்துவிடும். பிறகு இரண்டாவது சேதி போகும்: பொய், ஆள் உயிரோடுதான் இருக்கிறது. அழுதவர்கள் தலை முழுகிவிட்டு வந்து பார்த்து, அந்த ஆளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மலைக்குக் கீழே சமவெளியிலும் இது உண்டு, தங்கதுரைக்கும் தெரிந்ததுதான்.

"இந்தக் காலத்துல அது எங்க நடக்குது தம்பி," என்றார் ஆயம்மாள். "செத்துட்டான்னு சொன்ன ஒடனே வீடியோவுல கூப்புட்டு மூஞ்சியக் காட்டுன்றாங்க. யாரையும் அழ வைக்க முடியல. பேப்பர்ல வந்தத யாருங்க போன் பண்ணிக் கேக்கப் போறாங்க?"

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைப் பக்கம் குடியிருக்கிற பூமாலையின் பெரியம்மா சின்னப்பொண்ணு, அந்தப் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதிருக்கிறார். அது அரசியல் பேச்சு என்று அவருக்குத் தெரியாமலில்லை. அச்சில் பாடை என்று இருந்தது, பக்கத்தில் அந்தப் பெண்ணின் முகம் இருந்தது, அழுவதற்கு அது போதும். வெளியூர்ச் சொந்தத்தில் மற்ற எட்டு வீடுகளுக்கும் அதே பேப்பர்தான் போயிற்று, எட்டு வீட்டிலும் அழுதார்கள். கேடு கழிந்தது.

போகும்போது அந்த அம்மாள் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். முதல் சேதியைச் சொன்ன வாய்தான் இரண்டாவதையும் சொல்ல வேண்டும், அதையும் நீங்களே போட்டுவிடுங்கள் தம்பி என்று. தங்கதுரை தலையை ஆட்டினார். தேன் நல்ல தேன். இரண்டாவது சேதியைச் சுத்தமாக மறந்துபோனார்.

இந்தக் கதை எப்படியோ கசிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தமிழழகன் என்கிற கவுன்சிலர் தேடிக்கொண்டு வந்தார். ஜாதகத்தில் ஏதோ கண்டம் இருக்கிறதாம், தன்னையும் பேப்பரில் ஒருதரம் சாகடித்துவிட வேண்டுமாம். கூச்சமே இல்லாமல் கேட்டார். தங்கதுரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேட்காமலே செய்கிற வேலை, கேட்டால் செய்யமாட்டாரா? கூட்டத்தில் தமிழழகன் எழுந்து தெருவிளக்கு பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, நிருபர் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் 'தமிழழகனுக்கு அரசியல் சமாதி' என்று வந்தது.

அதே கூட்டத்தில்தான் தங்கதுரை முதல்முறையாக ஒன்றைக் கவனித்தார். உறுப்பினர்கள் மொத்தம் பதினான்கு பேர், டீ கொண்டுவந்த அம்மாள் பதின்மூன்று கிளாஸ் வைத்துவிட்டுப் போனார். குமாஸ்தா வருகைப் பேர் வாசித்தபோது எட்டாவது வார்டிலிருந்து நேராகப் பத்தாவது வார்டுக்குப் போனார். ஒன்பதாவது வார்டு பூமாலை கையைத் தூக்கி, என் பேர் என்று கேட்டாள். யாரும் திரும்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறார்கள், பெண் என்று இளக்காரம் என்று தங்கதுரைக்கு முதலில் கோபம்கூட வந்தது. தன் நோட்டைக் குனிந்து பார்த்தார். 'உறுப்பினர்கள் 13 பேர் கலந்துகொண்டனர்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. தலைகளை எண்ணித்தான் எழுதியிருந்தார். மறுபடி எண்ணினார், பதின்மூன்று. பூமாலையை நேராகப் பார்த்துக்கொண்டே மூன்றாம் தரம் எண்ணினார், பதின்மூன்றுதான் வந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் தமிழழகனைக் காணவில்லை. சிலர் அவர் திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். சிலர், அது யார் என்று கேட்டார்கள். போன் அடித்தால் மணி போகும், யாரோ எடுத்தது போலவும் இருக்கும், சத்தம் வராது. மன்றத்தில் அவர் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு செடித்தொட்டி நின்றது. நாற்காலி எங்கே என்று தங்கதுரை குமாஸ்தாவைக் கேட்டார். அங்கே எப்போதும் தொட்டிதானே சார் இருந்தது என்றார் அவர். பொய் சொல்லுகிற முகமாக இல்லை. அன்று தங்கதுரை செய்தி அனுப்பவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். ஜெராக்ஸ் கடையில் கூட்டம். கடை நடத்துகிற கலையரசி வரிசையாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். தங்கதுரை தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது பூமாலை வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவள் தோளுக்கு மேலாகக் காகிதத்தை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கதுரை எழுந்து போய்க் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தார்.

அவள் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. "கண்டக்டர் டிக்கெட் குடுக்க மாட்டேன்றாருண்ணா. ரேசன் கடை மிஷின்ல வெரலு வுழ மாட்டேங்குது. அதெல்லாம்கூட பரவால்ல," என்றாள். "எங்கம்மா எனக்குத் தட்டு வைக்கறதில்லண்ணா."

தங்கதுரைக்கு அப்போதுதான் மறந்துபோன இரண்டாவது சேதி ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார். அதற்கென்ன, இப்போதே போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். 'மீண்டும் உயிர்த்தெழுந்தார் பூமாலை.' 'சாம்பலிலிருந்து கிளம்பிய நெருப்பு.' 'அரசியல் மறுபிறவி.' நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் நீட்டினார். அவள் மூன்றையும் மெதுவாகப் படித்தாள்.

"செத்தவதான அண்ணா எழுந்து வருவா? நான் சாவலயே. இருக்கறேன்னு மட்டும் போடுங்க."

இருக்கிறாள் என்று எப்படி எழுதுவது? இருபத்திரண்டு வருடம் எழுதிய கைக்கு அது வரவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதி சேலத்துக்கு அனுப்பினார்: 'ஒன்றியக் குழு உறுப்பினர் பூமாலை கூட்டத்தில் கலந்துகொண்டு பேசினார்.' சந்தோஷ் போனில் சிரித்தான். பேசத்தானே சார் கூட்டம், இதில் என்ன செய்தி என்றான். மறுவாரம் வேறு மாதிரி அனுப்பினார், அதுவும் வரவில்லை. மூன்றாவது தரம் ஏதோ வந்தது. ஆனால் அவள் பேர் இல்லாமல், 'கூட்டத்தில் சலசலப்பு' என்று இரண்டு வரி.

அதனால் அடுத்த கூட்டத்துக்குத் தங்கதுரை போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுப் போனார். பூமாலை என்ன பேசுகிறாள் என்பதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே அனுப்பிவிடுவது என்று முடிவு. அவள் எழுந்தாள், பேசினாள். உதடு அசைவதைப் பார்த்தார். கை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது, கண் கலங்கிற்று. சத்தம்தான் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒருவர் மிக்சர் மெல்லுகிற சத்தம் கேட்டது, ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் போவது கேட்டது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. தங்கதுரை எழுந்து அவளுக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்றார். அப்போதும் கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கொன்றது வேறு யாருமில்லை, தான்தான் என்று அந்த இடத்தில் நின்றபடி நினைத்தார்.

மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து ஒரு வண்டிக்காரர் பாதி தூரம் கொண்டுபோய் விட்டார், மீதி நடை. நெல்லிக்குட்டைக்கு முன்னால் ஒரு ஓடை. அப்போது முழங்கால் தண்ணீர்தான், ஆனால் கரை இரண்டு ஆள் உயரத்துக்கு அரித்துப் போயிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய நாவல் மரம். மரத்தில் மூங்கில் பாடை ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஊருக்கு அது ஒன்றுதான்போல. கயிறு புதிதாக இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு நேரம். ஆயம்மாள் மருமகனுக்கு ஒரு தட்டு, பேத்தி இலக்கியாவுக்கு ஒரு தட்டு, வந்த விருந்தாளிக்கு ஒரு தட்டு என்று வைத்தார். பூமாலை தானே போய் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்தாள். குழந்தை அம்மாவைப் பார்க்காமல் சாப்பிட்டது. தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. ஏனம்மா இப்படி என்று கேட்டே விட்டார்.

"கண்ணுக்குத் தெரியாம இல்ல தம்பி," என்றார் ஆயம்மாள். "தெரியுது. தட்ட எடுக்கறேன், கை வைக்க மாட்டேங்குது. சேதி இன்னும் வரலியே. ஒம்போது வூடும் துக்கத்துலதான் கீது."

சாப்பிட்ட பிறகு பூமாலையைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார். வந்து நின்று, ஐந்து மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார். அன்றைக்கு மன்றத்தில் எழுந்து நின்று என்னதான் பேசினீர்கள் அம்மா என்று. இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. பேச ஆரம்பித்தாள். மன்றத்தில் கேட்காத குரல் அங்கே கேட்டது, மெல்லியதாக, ஆனால் தெளிவாக.

ஐப்பசி முதல் வாரம் ஓடையில் கரை தெரியாத வெள்ளம். அபிநயா என்கிற பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. தூளி கட்டித் தூக்கினால் தண்ணீரில் நனையும், இழுத்துக்கொண்டு போய்விடும். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஊரில் இருந்தது அந்தப் பாடை ஒன்றுதான். உயிரோடு இருக்கிற பெண்ணைப் பாடையில் படுக்கவைத்து, கயிறு போட்டுக் கட்டி, எட்டுப் பேர் கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பூமாலை ஒரு முனையைப் பிடித்திருந்தாள். அபிநயா பிழைத்துக்கொண்டாள். குழந்தை அக்கரை சேர்வதற்குள் போய்விட்டது. இதைத்தான் சொன்னேன் அண்ணா என்றாள் பூமாலை. பெரிய பாலம் கேட்கவில்லை, நடந்து போக ஒரு சின்னப் பாலம். உயிரோடு இருக்கிறவர்களை இனிமேல் பாடையில் வைத்துத் தூக்க எங்களால் முடியாது என்று சொன்னேன்.

தங்கதுரை அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னதிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கி அவள் மேலேயே கட்டியிருக்கிறார். குழந்தையும் போய், பாலமும் போய், அந்தச் சொல் மட்டும் மூன்று காலத்துக்கு அச்சாகியிருக்கிறது. வெட்கத்தில் நிமிர முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவள் சொன்னதை அப்படியே எழுதினார். மேட்டில் ஏறி சிக்னல் பிடித்து அனுப்பினார். ஐந்து மாதப் பழசு சார், இப்போது போட முடியாது என்று பதில் வந்தது.

பின்னாலேயே வந்திருந்த ஆயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பேப்பர் வேண்டாம் தம்பி என்றார். பேப்பர் இல்லாத காலத்தில் முதல் சேதி கொண்டுபோன ஆள்தான் திரும்ப நடந்து போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பொய் என்று சொல்வான், சேதியைத் திருப்பி எடுத்துக்கொள்வான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எடுத்துக்கினா அது சும்மா போவாது தம்பி. எடுத்தவங்க மேலதான் கொஞ்ச நாளு இருக்கும். தெரிஞ்சிக்கினு போங்க," என்றார். தங்கதுரைக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்போரம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் வீடு மூங்கில்துறைப்பட்டு. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் பூமாலையோடு அங்கே போய் இறங்கினார். கண்டக்டர் அவருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார். ஆலையில் அரைவை நடந்துகொண்டிருந்தது, தெருவெல்லாம் பாகு வாசனை. சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை எண்ணெய் கண்டு மாசக்கணக்காகியிருந்தது. தங்கதுரை வாசலுக்கு வெளியே நின்று, அம்மா, நான் பேப்பரில் எழுதியது பொய், பூமாலை உயிரோடுதான் இருக்கிறாள் என்றார்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்தார். "உசுரோட கீறாளா? அப்ப எங்க? கூட்டினு வா பாப்போம்."

"இதோ நிக்கறாங்கம்மா. எம் பக்கத்துலதான்."

அவர் பார்வை தங்கதுரையின் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போய், கரும்பு வண்டிகள் மேல் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் இல்லை என்று அவர் சொல்லவில்லை, மறுபடி புளியைக் கையில் எடுத்தார். பூமாலை பெரிம்மா என்று கூப்பிட்டாள். கிழவியின் கை புளியில் அசைந்துகொண்டே இருந்தது.

தங்கதுரைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தரையில் குந்தினார். ஐப்பசி முதல் வாரம் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். அபிநயாவுக்கு எத்தனை மணிக்கு வலி எடுத்தது, யார் யார் தூக்கினார்கள், பூமாலை எந்த முனையைப் பிடித்தாள், எந்த இடத்தில் அவள் கால் வழுக்கியது, குழந்தை ஆணா பெண்ணா, அதை எங்கே புதைத்தார்கள், பிறகு அவள் எத்தனை பஸ் மாறி மன்றத்துக்கு வந்தாள், எழுந்து என்ன கேட்டாள், தலைவர் என்ன சொன்னார். கணையும் இல்லை, போரும் இல்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடுவில் ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னார், பூமாலை திருத்தினாள், அதையும் சேர்த்துச் சொன்னார். சின்னப்பொண்ணுவின் கை மெல்ல நின்றது. கண்ணில் நீர் கட்டியது. கடைசியில் தங்கதுரைக்குப் பக்கத்தில் நேராகப் பார்த்தார்.

"ஏண்டி, வெயில்ல நின்னுக்கினு கீற? உள்ள வா," என்றார்.

பூமாலை ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தாள். கிழவி அவள் தலையைத் தடவினார், முகத்தைத் தடவினார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளைத்துவிட்டாயே என்று திட்டினார். வாசலில் குந்தியிருந்த தங்கதுரைக்கும் கண்ணில் நீர் வந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலை முழுக வெந்நீர் போட வேண்டும், சோறு வடிக்க வேண்டும் என்று பரபரத்த சின்னப்பொண்ணு, உள்ளே போகத் திரும்பியபோது கேட்டார்.

"இம்மாந் தூரம் தனியாவா வந்த?"

"இல்ல பெரிம்மா. பேப்பர்ல எழுதற அண்ணன்தான் கூட்டினு வந்தாரு. இதோ."

சின்னப்பொண்ணு வாசலைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாரடி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தங்கதுரை அம்மா என்று கூப்பிட்டார். இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் வந்தது. போனை எடுத்து சந்தோஷைக் கூப்பிட்டார். அலோ, யார் பேசுறது, சத்தமே வரவில்லையே என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் அவர் மேலேயே நேராக வந்தார். இவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. ஆயம்மாள் சொன்னதுதான், தெரிந்துதான் வந்தார். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது. வீட்டில் மனைவி தட்டு வைப்பாளா என்று நினைத்ததும் அதற்கும் தைரியம் வரவில்லை.

தலை முழுகி, ஈரத் தலையோடு பூமாலை வெளியே வந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவள் கண் அவர் மேலேயே இருந்தது. இன்னும் எட்டு வீடு இருக்கிறதம்மா என்றார் தங்கதுரை. தன் குரல் தனக்கே மெலிவாகக் கேட்டது.

"போலாம்ண்ணா. உங்க பேச்சு இனி யாருக்கும் கேக்காது, என் பேச்சு கேக்குது. அங்க நானே என் சேதியச் சொல்லிக்கறேன். உங்க சேதியயும் நான்தான் சொல்லணும், வேற யாரு சொல்லுவா?" என்றாள். பிறகு சங்கடத்தோடு கேட்டாள். "உங்க பேரு இன்னாண்ணா? பேப்பர்காரர்னுதான் எனக்குத் தெரியும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய எதிலும் அவர் பேர் வந்ததில்லை, 'நமது நிருபர்' என்றுதான் போடுவார்கள். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். பேர் தங்கதுரை. அப்பா பேர் பச்சமுத்து, அம்மா ராசாயி. ஊர் சின்னசேலத்துக்குத் தெற்கே, ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல். வயது ஐம்பத்து மூன்று. சம்சாரம் பேர் செந்தமிழ்ச்செல்வி, ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. வலது காது கொஞ்சம் மந்தம். பூமாலை ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மூன்று மைலா நான்கு மைலா என்று ஒருதரம் கேட்டுச் சரிசெய்துகொண்டாள்.